பூங்காவின் பின்பக்கம்

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. பனி இறங்கியிருந்தது, காற்று இல்லை. சிதம்பரத்தில் நகராட்சிப் பூங்கா ஒன்றின் கதவு திறந்த ஐந்தாம் நிமிடத்தில் நான் குறிப்பேட்டுடன் உள்ளே நின்றேன். இரண்டு மாதங்களில் அது நான் பார்த்த நான்காவது பூங்கா.

கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் வசிக்கும் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். பின்புறம் நாற்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட வெற்றிடம். அதில் தோட்டம் போடக் குடியிருப்போர் சங்கம் எனக்கு ஏப்ரல் இறுதிவரை அவகாசம் தந்திருந்தது. அதற்குள் செடிகள் பிழைத்து நிற்காவிட்டால் இடத்துக்குச் சிமென்ட் பூசி இருசக்கர வண்டிகளை நிறுத்துவது என்று ஏற்பாடு. நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையில் எழுந்தவுடன் போவதற்கு எனக்கு அந்த நாற்பதடியைத் தவிர வேறு இடம் இல்லை.

முதல் மூன்று பூங்காக்களில் எவை செழித்திருந்தனவோ அவற்றின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, அதே வகைகளை, அதே வரிசையில், அதே இடைவெளி விட்டு நட்டேன். நாற்பத்திரண்டு செடிகளில் முப்பத்தொன்று இலையோரம் கருகின. கீழ்வீட்டில் இருக்கும் என் மனைவியின் தம்பி உத்திராபதி தினமும் வந்து பார்ப்பான். அவன் மகனுடைய வண்டி தெருவில் நிற்கிறது.

“மாமா, செடி வச்சீங்களா, தந்தூரி போட்டீங்களா?” என்று கேட்பான்.

சிதம்பரத்துப் பூங்காவில் செம்பருத்தி வரிசையின் நீளத்தைக் காலடியால் அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். கையில் கத்தரியுடன் ஒரு பெண் விரைந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் காக்கிச் சட்டை.

“ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா சார்? புல்லு நாளைக்கு வெட்டிடுவோம். அத எழுதிடாதீங்க.”

“நான் ஆபீஸ் இல்லம்மா. வீட்டுத் தோட்டத்துக்கு ஐடியா பாக்க வந்தேன்.”

அவர் பெயர் கொளஞ்சி. அங்கே தோட்டப் பணியாளர். கைப்பேசியில் இருந்த என் செடிகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முகம் மாறவில்லை.

“ஐடியா பாக்க வந்தவரு முன்னாடி ஏன் நிக்கிறீங்க? பின்னாடி வாங்க.”

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குவியல் கிடந்தது. காய்ந்த ரோஜா, வேரோடு பிடுங்கிய சாமந்தி, கவாத்து செய்த கிளைகள்.

“முன்னாடி நிக்கிறதெல்லாம் பொழைச்சது சார். அத நடறதுக்கு முன்னாடி நாங்க எத்தன சாவடிச்சோம்னு இங்க வந்தாத்தான் தெரியும்.” ஒரு காய்ந்த இலையை எடுத்து என் படத்தின் அருகில் பிடித்தார். ஓரம் இரண்டிலும் ஒரே மாதிரி கருகியிருந்தது. “இது உப்பு. என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“போர் தண்ணி.”

“வாயில வச்சுப் பாத்தீங்களா?”

நான் பார்த்ததில்லை. எட்டு வீடுகளிலும் யாரும் பார்த்ததில்லை. குடியேறிய நாள் முதல் பதினோரு ஆண்டுகளாக எல்லாரும் கேன் தண்ணீர் குடிக்கிறோம், சமையலுக்கும் வாய் கொப்பளிக்கவும் அதுதான். சோப்பு நுரைக்காதபோது சோப்பை மாற்றினோம். குழாயின் முனையில் வெள்ளை படிந்தபோது குழாயை மாற்றினோம். ஐந்து பக்கக் குறிப்பில் செடிகளின் இடைவெளியை அங்குலக் கணக்கில் எழுதிய நான், தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

கொளஞ்சி சிரித்தார். “எங்க ஊரு காட்டுமன்னார்கோயில் பக்கம். புதுசா போர் போட்டா மொதல்ல வாயிலதான் ஊத்திப் பாப்போம். அப்பறம்தான் மத்ததெல்லாம்.”

குவியலிலிருந்து அரளிக் கிளைகளையும் காகிதப்பூக் கிளைகளையும் தேர்ந்து, ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றினார். சுவரோரம் தானாக முளைத்திருந்த நித்தியகல்யாணி நாற்றுகளையும் மண்ணோடு பெயர்த்து வைத்தார். “நாளைக்கு வண்டி வந்து அள்ளிட்டுப் போற குப்பதான், எடுத்துக்குங்க. தெனம் தெளிக்காதீங்க சார். வாரத்துக்கு ரெண்டு நாளு, நெறைய விடுங்க. உப்பு கீழ எறங்கணும். காஞ்ச எலைய அடியில பரப்புங்க.”

நன்றி சொன்னேன். அதற்குள் அவர் கத்தரியுடன் முன்பக்கம் போய்விட்டார்.

ஏப்ரல் 27 மாலை சங்கம் கூடியது. அரளி ஒன்பதும் காகிதப்பூ ஆறும் துளிர்த்திருந்தன, நித்தியகல்யாணி பூத்திருந்தது. தோட்டம் தொடரலாம் என்ற தீர்மானத்தைச் செயலாளர் டேவிட் ராஜ் எழுதி வைத்திருந்தார். எட்டு வீட்டாரும் ஒப்பமிட்டால்தான் அது செல்லும். ஏழு கையொப்பங்கள் விழுந்தன. உத்திராபதி பேனாவைத் தொடவில்லை.

“மாமா, அந்த நித்தியகல்யாணி சுடுகாட்டு மல்லி. வீட்டாண்ட வைக்கிற பூவா அது? வேற ஒன்னும் கெடைக்கலையா ஒங்களுக்கு?”

“கெடச்சுது. நாப்பத்திரண்டு வச்சேன், முப்பத்தொன்னு கருகிப்போச்சு. நீதான் தந்தூரின்னு சொன்னியே.”

குழாயில் பிடித்து வந்திருந்த ஒரு டம்ளர் தண்ணீரை அவன் முன் வைத்தேன். கேன் தண்ணீர் என்று எண்ணி ஒரு வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். பிறகு எழுந்து வாசலுக்கு ஓடித் துப்பினான்.

“ச்சே! என்னா மாமா இது?”

“நம்ம போர் தண்ணி.”

“இதுலயா பதினோரு வருசமா குளிக்கிறேன்?” வாயைத் துடைத்துக்கொண்டு சன்னல் வழியே பின்புறத்தைப் பார்த்தான். “இதக் குடிச்சிட்டா இதுங்க பூக்குது?”

டேவிட் ராஜ் பேனாவை நீட்டினார். “போடுங்க சார். சர்ச்சுக்குப் போவணும், நேரமாவுது.”

“போடறேன் இருங்க. ஆனா வாசல் கேட்டாண்ட அந்தப் பூ வரக் கூடாது. அதையும் எழுதுங்க.”

எழுதினார். உத்திராபதி ஒப்பமிட்டான். டேவிட் ராஜிடம் நான் இன்னொரு வரியும் சேர்க்கக் கேட்டேன், யாரும் மறுக்கவில்லை. எட்டுப் பேரும் இரண்டாம் பிரதியிலும் கையொப்பமிட்டுத் தந்தார்கள்.

மே 4, ஞாயிறு. அதே பூங்கா, அதே நேரம். கொளஞ்சி தொட்டியருகே குழாயை இழுத்துக்கொண்டிருந்தார். நான் உறையை எடுத்ததும் நின்றார்.

“ஆர்டரா சார்? ஆபீஸ் இல்லன்னீங்களே!”

“ஆபீஸ் இல்லம்மா. எங்க சங்கத்தோட தீர்மானம். கடைசி வரியப் படிங்க.”

குச்சிகளையும் நாற்றுகளையும் பற்றித் தீர்மானத்தில் ஒரு சொல்லும் கிடையாது. நகராட்சியில் அவருக்கு யாரும் தொல்லை தரக் கூடாது என்று அதைத் தவிர்த்திருந்தோம். கடைசி வரி இதுதான்: ‘தண்ணீரைச் சுவைத்துப் பார்க்கச் சொன்ன சிதம்பரம் கொளஞ்சி அவர்களுக்கு எட்டு வீட்டாரும் நன்றி தெரிவிக்கின்றனர்.’

அவர் குழாயைக் கீழே வைத்து, இரண்டு கைகளையும் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் கொடுத்தேன்.