இஷ்டப்பிரசாதம்

"இஷ்டப்பிரசாதம்னா என்னடா?" பூசைக்கு முன்னால் கோவில் முற்றத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கேட்டான் உபதேசியார் சவுரியப்பன்.

"சர்வேசுரன் நம்ம யோக்கியதையப் பாக்காம சும்மா குடுக்கறதுங்க!" என்று அத்தனையும் கத்தின.

"சரி" என்றான். வாய்தான் சொன்னது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. மகன் செத்த இந்த ஒன்றரை மாசமாக ஆளே மரத்துப்போன கால் மாதிரிதான் நடமாடிக்கொண்டிருந்தான்.

பத்தடி தள்ளி, கோவில் வாசலுக்கு வெளியே, சரளை மண்ணில் அவன் பெண்சாதி ராணியம்மாள் முட்டி போட்டிருந்தாள். வெள்ளைக்காரச் சாமியார் விதித்த தண்டனை. ஆறு ஞாயிறு, பூசை முடிகிறவரை வாசலுக்கு வெளியே முட்டி போடணும், அதுவரை நன்மை, அதாவது பூசையில் நாக்கில் வைக்கிற அப்பம், கிடையாது. இன்றைக்கு ஆறாவது.

அவள் செய்த குற்றம் என்ன? ஒரு மண்ணும் இல்லை! குற்றம் செய்தவன் இதோ பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொண்டிருக்கிறானே, இந்த மகராசன்தான்.

யுத்தகாலம். பாப்பாரப்பட்டிப் பக்கமெல்லாம் அம்மை போட்டிருந்தது. ஐந்து வயசு மகன் சூசை மூன்று நாளாகப் பச்சைத்தண்ணி இறங்காமல் கிடந்தான். அடுத்த வூட்டுத் தீர்த்தம்மாள் மாரியம்மன் கோவில் மாவிளக்கு மாவை இலையில் கொண்டுவந்து, "பிரசாதங்க உபதேசியாரே. புள்ள வாயில ஒரு துளி வைங்க, அம்மா எறங்கிருவா" என்று கொடுத்துவிட்டுப் போனாள். ராணியம்மாள் தண்ணிக்குப் போயிருந்த நேரம். அன்னிய தெய்வத்துக்குப் படைத்ததைத் தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், அதை உருட்டி ஊட்டினான். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம்ப்பா" என்றது. மிச்சத்தையும் கொடுத்தான். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு வந்த சாமியார் தலைமாட்டில் குங்குமம் பட்ட இலையைப் பார்த்தார். "இதை யார் கொடுத்தது?"

உபதேசியார் என்று தெரிந்தால் வேலையும் போகும், மிஷன் வூடும் போகும். சவுரியப்பனுக்கு நாக்கு எழவில்லை.

"நான்தானுங்க சாமி" என்றாள் ராணியம்மாள்.

அன்றைக்குச் சாயங்காலம், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். "உங்க கையில வெல்லம் ஒட்டியிருந்துச்சே" என்றாள். அதற்குமேல் இருவரும் அதைப் பேசவில்லை.

ஞாயிறுதோறும் விடியலில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணியைக் குடித்துவிடுவான். பாவத்தை மறைத்துக்கொண்டு நன்மை வாங்கப் பயம்; வெறும் வயிறாக இருந்தால்தானே வாங்க முடியும்! "மறந்து குடிச்சுட்டேனுங்க சாமி" என்று தப்பிக்கலாம். ஆறு வாரமாக மறதி. சாமியாரும் நம்பினார், பாவம்.

பூசை முடிந்தது. சாமியார் வாசலுக்கு வந்து ராணியம்மாளின் தோளைத் தொட்டார். "தண்டனை தீர்ந்தது மகளே. எழுந்திரு." அவளால் சட்டென்று எழ முடியவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் இரண்டிலும் சரளை பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. சவுரியப்பன் அதைப் பார்த்தான். யோசிக்கவெல்லாம் இல்லை, போய் அவள் இருந்த இடத்தில் முட்டி போட்டுவிட்டான்.

"மாவக் குடுத்தது நானுங்க சாமி. எனக்கு ஆறு வாரம் போடுங்க."

சாமியார் அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவில் சாவியைக் கொடு" என்றார் சாமியார். "உபதேசியார் வேலைக்கு வேறு ஆள் வருவான்."

கொடுத்தான். "தண்டனை, சாமி?"

"அந்தக் குற்றத்துக்கு ஆறு ஞாயிறு முடிந்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்க எனக்குச் சட்டம் இல்லை."

"ஒரு வாரமாச்சும் போடுங்க சாமி!" காலைப் பிடித்தான். வேலை போனதற்குக் கெஞ்சாதவன் இதற்குக் கெஞ்சினான். சாமியார் காலை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

சரளை முழங்காலில் குத்தியது. மகன் செத்த பிறகு உடம்பில் ஒன்று வலித்தது அன்றைக்குத்தான். வலிக்கட்டும் என்று அங்கேயே இருந்தான். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது.

ராணியம்மாள் நொண்டிக்கொண்டே வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. அது நான் முட்டி போட்ட எடம்."