ஓட்டை போடாத டப்பா

ஆயில் டப்பா காலியானதும் அதன் அடியில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தி ஓட்டை போட வேண்டும். அதுவும் வண்டிக்காரர் கண் முன்னால் போட வேண்டும். அப்போதுதான் எவனும் அதை எடுத்துப்போய் போலி ஆயில் நிரப்பி விற்க முடியாது. பெங்களூரில் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிற எல்லோருக்கும் இது தெரியும். இருபத்திரண்டு வருடமாக மர்பி டவுனில் கராஜ் நடத்தும் இந்த வெங்கிக்குத் தெரியாதா? தெரிந்தும் நான் போட்டதில்லை. ஓட்டையில்லாத டப்பா என்றால் பழைய சாமான் எடுக்கும் குஜரிக்காரன் சீனு பத்து மடங்கு கூடக் கொடுப்பான். வெறும் பிளாஸ்டிக்குக்கு எதற்கடா இத்தனை மரியாதை என்று ஒருநாளும் நான் அவனைக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. அதிசயமாக அன்றைக்கு நான் ஓட்டை போட உட்கார்ந்தேன். சிந்துவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால்தான்.

சிந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவள். ஹெப்பகோடியில் ஒரு பிஜி விடுதியில் தங்கி, மூன்று வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தாள். சிவப்பு நிறம், இரண்டே சீட். மாலூர் தாண்டி இருக்கும் பந்தயத் தடத்தில் அதை ஒருநாள் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக மூன்று வாரம் என் உயிரை எடுத்தாள். "ரோட்டுக்கு நாப்பது கிரேடு ஆயில் போதும்னா, ட்ராக்குக்கு எதுக்குண்ணா அம்பது?" என்று கேட்பாள். ரோட்டில் ஆயில் நூறு டிகிரி சூட்டோடு நின்றுவிடும், தடத்தில் நூற்று முப்பதைத் தாண்டும், அந்தச் சூட்டில் ஆயில் தண்ணீராகிவிட்டால் இரும்பும் இரும்பும் நேராக உரசி இன்ஜின் தன்னைத்தானே தின்றுவிடும் என்று சொன்னேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பிரேக் ஆயிலை மாற்றினோம். ஆயில் கூலர் வைத்தோம். கல் அடித்து பெயிண்ட் போகாமல் முன்பக்கம் ஃபிலிம் ஒட்டினோம். சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக இன்ஜின் ஆயில் ஊற்றினேன். "டப்பாவ மறக்காம ஓட்ட போட்டுடுங்கண்ணா" என்றாள். காலையில் போடுகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் வெள்ளை பெயிண்ட் பேனாவால் ஏதோ எழுதி, பாதி துடைத்திருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். '4417 - 1 லி.'

அது என் கையெழுத்து. ஆயில் மீந்தால் வண்டி நம்பரையும் மீதி அளவையும் டப்பா அடியில் எழுதி வைப்பது என் பழக்கம். 4417 ஒரு டாக்டருடைய வண்டி. இரண்டு மாதம் முன்பு அந்த டப்பா காலியாகி, நானே சீனுவின் சாக்கில் போட்டேன். அது எங்கெங்கோ சுற்றி, புது மூடியும் புது சீலும் போட்டுக்கொண்டு, கடை வழியாக முழு விலைக்கு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். எனக்கு வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பெண்ணுக்கல்லவா வைத்துவிட்டேன்.

டப்பாவில் ஒட்டியிருந்த சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பே இல்லை. ஹைவேயில் மாலூர் வரை ஓடிவிடும். தடத்தில் நாலு சுற்று தாங்காது. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் இறுகினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள்.

"அண்ணா! வந்து சேந்துட்டேன். ஹெல்மெட் செக் முடிஞ்சுது."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. ஆனால் இருபத்திரண்டு வருடமாகச் சேர்த்த நல்ல பெயர் குறுக்கே வந்து நின்றது.

"ஏம்மா, வண்டிய எடுக்காத. அடில ஆயில் வடிக்கற போல்ட்டு சரியா டைட் பண்ணலியோன்னு டவுட்டா கீது. ஆயில் எறங்கிடும். அப்டியே நிறுத்தி வை, நான் வந்து பாக்கறேன்."

"அய்யய்யோ. இருங்கண்ணா, இங்க மெக்கானிக் இருக்காரு, பாக்கச் சொல்றேன்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நரேஷ்னு ஒருத்தரு கீழ படுத்தே பாத்துட்டாரு. போல்ட்டு கல்லு மாதிரி இருக்காம், ஒரு சொட்டு லீக் இல்லியாம். சும்மா பயந்துட்டீங்க! பத்து மணிக்கு என் டர்ன். போனெல்லாம் வாங்கி லாக்கர்ல வைக்கறாங்க. வச்சிடறேன்ணா."

"இல்லம்மா, கேளு..." என்றேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியில் போனை வைத்துவிட்டாள். திரும்பப் போட்டால் சுவிட்ச் ஆஃப். தடத்து ஆபீஸ் நம்பரைத் தேடிப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

பைக்கை எடுத்தேன். ஷட்டரைக்கூட இறக்கவில்லை. கே.ஆர்.புரம் தொங்குபாலத்துக்கடியில் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வண்டிகள் நின்றன. பிளாட்பாரத்தில் ஏற்றினேன். போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கினார். அர்ஜென்ட் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லோருக்கும்தான் அர்ஜென்ட் என்று கன்னடத்தில் சிரித்தார். அழுதுவிட்டேன். நாற்பத்தாறு வயது ஆள் நடுரோட்டில் அழுவதைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஹொஸ்கோட்டை தாண்டும்வரை வழி நெடுக, இன்ஜினுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அவளை மட்டும் விட்டுவிடு என்று ஹல்சூர் மாரியம்மனிடம் கெஞ்சிக்கொண்டே போனேன்.

தடத்து கேட்டை எட்டும்போது மணி பத்து பத்து. காவலாளி கத்தக் கத்த உள்ளே ஓடினேன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் சிவப்பு வண்டி நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிட்டது. இன்ஜினுக்குள்ளிருந்து டக் டக் டக் என்று இரும்பு இரும்பைத் தட்டும் சத்தம். அங்கே நின்ற இருபது பேரில் வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டையைக் கழற்றி வேலிக்கு மேலே தூக்கி ஆட்டினேன். "நிறுத்தும்மா! நிறுத்து!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்னைப் பார்த்தாள். அவள் ஓட்டுவதைப் பார்க்க நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வளைவில் வெள்ளைப் புகை கிளம்பியது. பின்சக்கரம் பூட்டி, வண்டி இரண்டு முறை சுழன்று, தடத்தோரம் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதியது.

நான் போய்ச் சேர்வதற்குள் தடத்து மெக்கானிக் நரேஷ் அவளை வெளியே எடுத்துப் புல்லில் உட்கார வைத்திருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு மட்டும் கோணிக்கொண்டு தொங்கியது. அந்த வலியிலும் வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு நரேஷிடம் சொன்னாள்.

"இவருதான் என் மெக்கானிக். காலைலியே எடுக்காதன்னாரு. நான்தான் கேக்கல."

நரேஷ் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"போல்ட்டுன்னு சொன்னது பொய்யிம்மா" என்றேன். "ஆயில் டூப்ளிகேட்டு. நான் ஓட்ட போடாம வித்த டப்பாதான் சுத்திட்டு வந்துகீது. உனக்கு போன் போடறப்பவே எனக்குத் தெரியும்."

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஆயில் சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பேனேண்ணா?"

எழுந்திருக்கத் துணையாக என் இன்னொரு கையையும் நீட்டினேன். அவள் என் கையை விட்டுவிட்டு, நரேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.