எண்பத்தேழு டிகிரி

பொலிவியாவில், எல் ஆல்ட்டோ நகரத்தில் மகள் யூதித்தின் வீட்டோடு வந்து நான்கு மாதம் கழித்துத்தான் பேரனைக் குளிப்பாட்டும் வேலை என் கைக்கு வந்தது. அதுவும் யூதித் சந்தைக்குத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால், வேறு வழியில்லாமல். சர்க்கரை நோயில் என் விரல்களுக்குச் சூடு தெரியாமல் போய் ஒரு வருடமாகிறது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையை என்னிடம் விட்டுப் போகமாட்டாள். பகல் முழுக்க எனக்கு என்று இருப்பவன் அவன் ஒருவன்தான்.

விரல் போனால் என்ன, கணக்கு இருக்கிறதே. கீழே சமவெளியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கொதிநீர் நூறு டிகிரி, ஒரு குவளை. குழாய்நீர் பதினாறு, மூன்று குவளை. கூட்டி நாலால் வகுத்தால் முப்பத்தேழு. தாயின் உடம்புச் சூடு. அளந்து ஊற்றி, பெருமையோடு பிள்ளையை உள்ளே இறக்கினேன்.

வீறிட்டான். பசிதான் என்று நினைத்து, அதே தண்ணீரை இன்னும் இரண்டு குவளை மொண்டு அவன்மேல் ஊற்றினேன். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்த யூதித் தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிப் போர்வையில் சுற்றினாள். அவன் உதடு நீலமாக இருந்தது. நான் கணக்கைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இந்த மலையில தண்ணி எம்பத்தேழுலயே கொதிச்சிரும்ப்பா. குக்கர் இல்லாம உருளைக்கெழங்கு வேகமாட்டேங்குதுன்னு தெனம் பொலம்புறீங்களே, ஏன்னு யோசிக்கலையா?"

பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியலை?"

சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டே சந்தைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். எண்பத்தேழில் மூன்று குவளை. குழாய்நீர் இங்கே எட்டுதான், அதில் ஐந்து குவளை. முப்பத்தேழரை வந்தது. போட்டிருந்த இரண்டு ஸ்வெட்டரின் கையையும் சேர்த்துச் சுருட்டிவிட்டு, அவள் செய்ததுபோல முழங்கையைத் தொட்டியில் வைத்தேன்.

முழங்கைக்குத் தெரிந்தது. மிகச் சரியாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை. பிள்ளையில்லாத தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டபடி, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆறுவதையும் அதே முழங்கையால் அறிந்துகொண்டிருந்தேன்.