பாரம் ஏற்றாத வெளிச்சம்

மனைவியின் தைரியத்துக்குப் பருப்பு வியாபாரி கொடுத்த விலை இரண்டாயிரத்து நானூறு. கடைக்காரன் மூவாயிரத்தில் ஆரம்பித்தான். இவர் சிரித்தார், இருநூறு குறைந்தது. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். அவனும் பின்னாலேயே இறங்கினான், விலையோடு. அந்தப் பணத்துக்கு ஜீப்பின் முன்பக்கத்துக்கு இரண்டு எல்.இ.டி. விளக்குகளும், பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் இழுக்கும் ஒயர் செட்டும் வந்து சேர்ந்தன.

தைரியம் தொலைந்தது போன மாதம். அவள் மாட்டு டாக்டர். மலைமேல் எந்தத் தொழுவத்தில் எந்தப் பசு கன்று போடத் திணறினாலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பாதி இருட்டோ முழு இருட்டோ பார்த்ததில்லை. அன்று பள்ளத்தாக்கு வளைவில், பழைய விளக்கின் மஞ்சள் மங்கலில், பாதையின் விளிம்பும் அதன் நிழலும் ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. தானே பின்னால் எடுத்து, தானே வீடு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: “மலை வேலை இனிமே வேண்டாங்க. ஆபீஸ்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. அடுத்த மாசம் கேட்டு வாங்கிக்கப் போறேன்.”

அதற்குப் பிறகு சமைக்கும்போது அவள் முணுமுணுக்கும் பாட்டு நின்றுபோனது. மேலே இருப்பவர்களுக்கு வேறு டாக்டர் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை. வியாபாரிக்குத் தொழில் தெரியும். கடையைவிட்டு இறங்கிய ஆளைக் கூவிக் கூப்பிடக் கூடாது. அந்த ஆளின் கண்ணில் படுகிற மாதிரி நல்ல சரக்கை எடுத்து வைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, அவள் தம்பியைத் துணைக்கு அழைத்தார். மைத்துனனுக்கு வங்கியில் வேலை. ஸ்க்ரூ டிரைவரைப் பேனா மாதிரிப் பிடிப்பவன்.

“பத்து நிமிஷ வேலைன்னு வீடியோல சொல்றான் மாமா.”

“அவன் ஜீப்புல துரு இல்ல மாப்ளே. நம்ம ஜீப்புல துருவைச் சுரண்டினா மிச்சம் ஜீப் இருக்காது.”

விளக்கைச் சுற்றியிருந்த வளையத்தைக் கழற்றவே மதியமாகிவிட்டது. ஒரு திருகு எண்ணெய்க்கு மசியவில்லை, கெஞ்சலுக்கு மசியவில்லை. வியாபாரி ஒரு வார்த்தை சொன்னார், அதற்கு மசிந்தது. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் தலையைத் தூக்காமலே, “திருகுக்கும் காது இருக்குங்க,” என்றாள். ஒரே பக்கத்தை அவள் ஒரு மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்ததை வியாபாரி கவனித்துக்கொண்டார்.

விளக்குகள் உட்கார்ந்தன. இனி அவை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர வேண்டும். கிடங்கின் இருண்ட உள்சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்துக்குச் சுவரில் டேப் ஒட்டினார்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்த டேப்புக்குச் சற்றுக் கீழே விழும்வரை திருகைத் திருப்ப வேண்டும்.

“இரு,” என்றார் வியாபாரி. “மொதல்ல பின்னாடி இருக்கறதையெல்லாம் எறக்கு.”

“எதுக்கு மாமா?”

“சாக்கு எடையைக் கழிக்காம யாராவது பருப்பு நிறுப்பாங்களா? வண்டி தன் சொந்த எடையில நிக்கட்டும். அப்பத்தான் வெளிச்சம் நாணயமா இருக்கும்.”

மைத்துனனுக்கு இதில் குறை தெரியவில்லை. ஸ்டெப்னி, மருந்துப் பெட்டிகள், தண்ணீர் கேன்கள், கன்று இழுக்கும் சங்கிலி எல்லாம் இறங்கின. சுவரில் வெளிச்சம் கோடு போட்ட மாதிரி விழுந்தது. வியாபாரி தராசு முள்ளைப் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, “நேர்!” என்றார்.

“அந்த வளைவு வரைக்கும்தான்,” என்றாள் அவள், சாவியை வாங்கிக்கொண்டு. “அதுக்கு மேல கேக்கக் கூடாது.”

இறக்கியதெல்லாம் மறுபடி ஏறியது. அதற்கு மேல் இரண்டு ஆண்கள் பின்னால் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் பருப்பு வியாபாரத்தில் செழித்தவர். பின்பக்கம் முனகிக்கொண்டு தாழ்ந்தது. பொழுது இன்னும் மிச்சமிருந்ததால் வழியில் விளக்குக்கு வேலை இல்லை. வளைவுக்கு வந்தபோது மலை இருட்டை முழுசாக இறக்கியிருந்தது. அவள் வண்டியை நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, விளக்கைப் போட்டாள்.

பாதை தெரியவில்லை.

வெளிச்சம் பாதையைத் தாண்டி, விளிம்பைத் தாண்டி, வானத்துக்குப் போய்விட்டது. மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது ஜீப்.

“இதுக்குத்தானா நாள் பூரா?” என்றாள். “முன்னாடி கொஞ்சமாவது தெரிஞ்சுது!”

வியாபாரிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பின்னால் இருந்த பாரம்தான். அதிலும் பெரிய பாரம் அவரேதான். கழிக்கக் கூடாததைக் கழித்திருக்கிறார்.

“அக்கா,” மைத்துனன் மெதுவாகச் சொன்னான், “எதிர்ல பாரு.”

பள்ளத்தாக்குக்கு அப்பால் பகலில் வெறும் கறுப்புச் சுவராக நிற்கும் பாறை. அதன் மேல், அடுக்கடுக்காக, பச்சையும் பொன்னுமாகக் கண்கள். ஒன்று இமைத்தது. பக்கத்தில் இருந்தது திரும்பியது. கால் வைக்கவே இடமில்லாத விளிம்புகளில் காட்டாடுகள் படுத்திருந்தன. குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. மேலே போகப் போகக் கண்கள் சிறுத்து, கடைசியில் எது ஆடு எது நட்சத்திரம் என்று பிரிக்க முடியவில்லை. ஒரு சத்தம் இல்லை. அத்தனையும் ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

வாழ்நாளில் முதல்தடவையாக வியாபாரி ஒரு பொருளைப் பார்த்து அதன் விலையை யோசிக்கவில்லை.

அவள் கதவைத் திறந்து இறங்கி நின்றாள். “புழுக்கை பாத்திருக்கேன். கொம்பு பாத்திருக்கேன். ஆட்டை ஒருநாளும் பாத்ததில்ல.” பாறையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “இத்தனை வருஷம் இந்த வழியில நான் தனியாப் போறேன்னு நெனச்சிட்டிருந்தேங்க,” என்றாள்.

“சரி பண்ணிடவா?” வியாபாரி ஸ்க்ரூ டிரைவரோடு முன்னால் வந்தார். “பாரம் பின்னாடியே இருக்கட்டும். மாப்ளே, நீ எறங்காதே. எனக்குப் பதிலா ஒரு கல்லைத் தூக்கித் தர்றேன், வெச்சுக்கோ.”

“எந்தக் கல்லு மாமா? உங்களுக்குப் பதிலான்னா இந்த மலையைத்தான் வெக்கணும்.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, “கொஞ்சம் பொறுங்க,” என்றாள். பொறுத்தார். பிறகு அவளே, “பாவம், கண்ணு கூசும். வெளிச்சத்தை எறக்குங்க,” என்றாள்.

திருகு திரும்பத் திரும்ப வெளிச்சம் பாறையிலிருந்து வழிந்து இறங்கியது. கண்கள் வரிசை வரிசையாக அணைந்தன. கடைசியில் பாதை வந்தது: விளிம்பின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, நிழல் வேறு கல் வேறாக.

அவள் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். வளைவோடு திரும்புவதாகத்தான் பேச்சு. ஜீப் மேல்நோக்கிப் போனது. “மேல தொழுவத்துல இருக்கற செவலைப் பசுவுக்கு நாள் நெருங்கிடுச்சு. ஒரு பார்வை பாத்துட்டு வந்துடலாம்,” என்றாள், யாரும் கேட்காமலே. கொஞ்ச தூரத்தில் அந்தப் பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்கியது.

பின்னால் ஸ்டெப்னியின் மேல் குலுங்கிக்கொண்டே வியாபாரி மனசுக்குள் கணக்கை மூடப் பார்த்தார். விளக்குக்கும் ஒயருக்கும் கொடுத்தது இரண்டாயிரத்து நானூறு; வந்த சரக்கு, விளிம்பு தெரிகிற ஒரு பாதை: நேர். மலைக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை; அங்கே வாங்கியது, ஒரு பாறை நிறையக் கண்கள், ஒரு பாட்டு: முழுதும் பாக்கி.