பாதி மெட்டும் பாதிப் பெட்டியும்

என் வீட்டுக்காரருக்கு எதையும் முடித்துப் பழக்கமில்லை. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுவது அவர் தொழில். தினமும் கதை எங்கே நிற்கிறதோ அங்கே மெட்டை ஏற்றிக்கொண்டே போய், கடைசி சுரம் வருவதற்குள் பட்டென்று அறுத்துவிடுவார். "முடிச்சுட்டா நாளைக்கு எவன் வருவான்?" என்பார். தொழிலுக்குச் சரி. வீட்டிலும் அதையே செய்தால் எப்படி? சண்டையைப் பாதியில் விட்டு எழுந்து போவார். சமாதானத்துக்கும் அதே கதிதான்.

அன்று படுக்கையறைக்குப் போனால் அவருடைய பெட்டி கட்டில் மேல் திறந்து கிடந்தது. பாதி நிரம்பியிருந்தது, எல்லாம் அவர் துணி.

"எங்க கிளம்புறீங்க?"

"உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும். நான் இனிமே..."

அவ்வளவுதான். வாய் கோணியது, கை தொங்கியது, ஆள் சரிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்திருந்தது. பார்வை எதிலும் நிற்கவில்லை. நினைவு இருப்பது தெரிந்தால்தான் நடக்கவும் பேசவும் பழக்கும் பயிற்சிப் பிரிவில் இடம், இல்லையென்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் டாக்டர் அம்மா. இன்னொரு முறை சோதித்துப் பாருங்கள் என்று நான் அவரை நச்சரித்தேன். "அண்ணன் கொடுத்து வச்சவன்" என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். பெட்டியைப் பற்றி அவளிடம் நான் மூச்சு விடவில்லை. பாசமாவது மண்ணாவது, எனக்கு அந்த வாக்கியத்தின் மறுபாதி வேண்டியிருந்தது.

டாக்டர் அம்மா என் வீட்டுக்காரர் தலையில் ஒயர் தொப்பியை மாட்டினார். "மெட்டு ஏற ஏற, அடுத்து என்ன சுரம்னு மூளை முன்னாடியே எதிர்பாக்கும். அது வரலைன்னா திடுக்கிடும், திரையில கோடு எகிறும். அவருக்கு நல்லாப் பழகின மெட்டு ஏதாவது இருக்கா?"

நாத்தனார் அவரே போட்ட மெட்டைப் போனிலிருந்து கொடுத்தாள். "இதுல கடைசி சுரமே கிடையாது டாக்டர். உங்களுக்கு வெட்டுற வேலை மிச்சம்."

மெட்டு ஏறியது, அறுந்தது. கோடு எகிறவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் அப்படியே. டாக்டர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இவர் எப்படி டாக்டர் திடுக்கிடுவார்? அறுத்ததே இவர்தானே. வராதுன்னு இவருக்குத் தெரியும். இன்னொரு தடவை போடுங்க."

மெட்டு அறுந்த இடத்தில் அந்தச் சுரத்தை நானே பாடி முடித்தேன். எத்தனையோ வருஷமாக என் தொண்டையில் நின்றிருந்த சுரம். கோடு எகிறியது. தற்செயலாக இருக்கும் என்று டாக்டர் அம்மா பலமுறை பாடவைத்தார். அந்தச் சுரத்துக்கு எகிறியது, வேறு சுரம் பாடினால் சும்மா இருந்தது.

"உள்ளதான் இருக்காரும்மா" என்றார். நாத்தனார் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

சில நாளில் அவரோடு பேச ஒரு வழி பண்ணினார் டாக்டர் அம்மா. பதில் ஆமாம் என்றால் அவர் மனசுக்குள் அந்த மெட்டைப் பாட வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும். திரையில் வித்தியாசம் தெரியும். "எங்கயாவது வலிக்குதான்னு முதல்ல கேளுங்க" என்றார்.

நான் அவர் காதருகே குனிந்தேன்.

"பெட்டி அடுக்கினீங்களே, என்னை விட்டுட்டுப் போகத்தானே?"

"என்ன அண்ணி இது" என்று நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

திரை உடனே பதில் சொன்னது. ஆமாம். தயக்கமே இல்லை. மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைச் சொல்லி முடித்தார்.

வலித்தது. தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா என்ன? நாத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் அம்மா தொப்பியைக் கழற்றினார்.

"பயிற்சிப் பிரிவுல இடம் கிடைச்சிடும். ஆனா கூட இருந்து பாத்துக்க ஆள் வேணும். நீங்க..." என்று இழுத்தார்.

"நான் இருக்கேன். நல்லா நடக்க வச்சிடுங்க டாக்டர்" என்றேன். "பெட்டி இன்னும் கட்டில் மேலதான் இருக்கு. மீதியை அவரே வந்து அடுக்கட்டும்."