துணிக்குழாய்க்குள் போன இருவர்

அன்று எங்கள் மெஷின் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். பெருமாள்சாமியாகிய நான், என் மகள் விஜயகுமாரி, மெஷின் ஓட்டும் தவசி, பீஸ் செக்கிங் பார்க்கும் பாண்டியம்மாள். வேறு யாரும் இல்லை. என் பேத்தி சண்முகப்பிரியாவும் பாண்டியம்மாளின் மகள் சித்ராதேவியும் துணிக்குள் இருந்தார்கள். அவர்களை இருந்தவர்களோடு சேர்ப்பதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வேலம்பாளையத்தில் எங்கள் நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாய் போல வட்டமாகத்தான் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தவசி ஒரு ரோலைத் தரையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் இருவருக்கும் ஒன்பது வயது. வாய் திறந்து கிடந்த அந்த வெள்ளைத் துணிக்குள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஊர்ந்து போனார்கள். மறுமுனையில் வெளியே வரவில்லை.

தவசி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் அழுத்திக்கொண்டே போனான். துணி தட்டையாக இருந்தது. ஆனால் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, பல்லடம் தாண்டித் தொலைவில் யாரோ பேசுவதுபோல.

"அப்புச்சி, இங்க எல்லாருமே பனியனுங்க" என்றாள் பேத்தி. "வெள்ளை ரோடு ஒண்ணு போகுதுங்க. பக்கத்துல ஆறு. அதுல ஊதாத் தண்ணியும் மஞ்சத் தண்ணியும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதில்லீங்க. மூணு கை பனியன்தான் எங்களைக் கூட்டிட்டு வந்துச்சு. கழுத்தே இல்லாத பனியன் ஒண்ணு அழுதுட்டு இருந்துச்சுங்க. சித்ரா அதுக்குக் கழுத்து எங்க வரணும்னு சாக்பீஸ்ல வரைஞ்சு குடுத்தா."

தையலில் கழித்துப்போட்டவை எல்லாம் அங்கே ஊர் கட்டி வாழ்ந்தன.

"போதும், வெளிய வா கண்ணு" என்றேன்.

"வர முடியாதுங்க. வாசல்ல டியூப்லைட்டுக்குக் கீழ நிக்க வச்சு எங்களைச் செக் பண்ணுனாங்க. சித்ரா மேல ஒரு குத்தமும் இல்ல, போகலாம்னுட்டாங்க. எனக்கு உதட்டோரத்துல சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க."

பாண்டியம்மாள் துணிப் பக்கம் சாய்ந்தாள். "ஏட்டி சித்ரா, நீயாவது வா."

"வரமாட்டேன்மா. இவ தனியாக் கெடப்பா. இவளுக்கு ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது."

விஜயகுமாரி கத்திரிக்கோலை எடுத்துவிட்டாள். பாண்டியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "வெட்டாதீகம்மா. வெட்டுன எடத்துல வழி அந்துபோகும்."

"எதுக்கு அம்பு ஒட்டுனாங்க?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"பொய் சொன்னதுக்குங்க. காலைல நீங்க கேட்டீங்கல்லங்க" என்றாள்.

காலையில் எங்கள் சமையலறையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. சண்முகப்பிரியா என் முகத்தைப் பார்த்தாள். "தெரியாதுங்க அப்புச்சி" என்றாள். சித்ராதேவி பாதி இட்லியோடு எழுந்து கை கழுவப் போனாள்.

பாண்டியம்மாள்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஆல்டர் பீஸு தச்சவுக கைக்குத்தானேய்யா திரும்பிப் போகும்."

அது எல்லாக் கம்பெனியிலும் உள்ள வழக்கம். தையல் தப்பிய பீஸில் அம்பு ஒட்டி, தைத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். அவர்தான் பிரித்துத் தைக்க வேண்டும். இந்தப் பீஸைத் தைத்தவன் நான்.

நான் எவர் வாசலிலும் குனிந்தவன் இல்லை. என் தகப்பனாரும் குனிந்தவர் இல்லை. துணியின் வாய் தரையில் கிடந்தது, மண்டியிட்டால்தான் எட்டும். தவசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மண்டியிட்டேன்.

"உள்ள இருக்கறவங்க கேட்டுக்குங்க" என்றேன். "அந்தப் பொய் எங்க புள்ளையோடது இல்லீங்க. நான் சொல்ல வச்சது. சித்ராதேவி எம் பேத்தியோட சிநேகிதி. எங்க ஊட்டுல ஒரே தட்டுல சாப்புடுவா. நாளைக்கும் சாப்புடுவா."

உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது, ஒரு கை அதிகமாக. துணி மெல்ல உப்பியது. இருவரும் கைகோத்தபடி வெளியே ஊர்ந்து வந்தார்கள், தலையெல்லாம் பஞ்சு. பேத்தியின் உதட்டோரத்தில் இருந்த சிவப்பு அம்பை என் நகத்தால் உரித்தெடுத்தேன்.

"தாத்தா, ஒங்க முட்டியிலயும் பஞ்சு" என்றாள் சித்ராதேவி.

வேலைக்கு வந்தவர்கள் வீட்டுப் பெண்தான் எங்கள் பிள்ளையை உள்ளே இழுத்துப் போனாள், அம்பும் அவள்மேல்தான் இருந்தது என்று காதர்பேட்டை பனியன் கடைகள் வரை பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. முதலில் உள்ளே போனவள் எங்கள் பிள்ளை. அம்பு இருந்ததும் எங்கள் பிள்ளைமேல்தான்.