மரைக்குப் பிடித்த புதர்

என் கணவர் சுகிர்தனுக்கு மரைமான் எந்த மாதம் எதைத் தின்னும் என்பது மனப்பாடம். குளிர்காலத்தில் பிளாக்பெரி இலை, கோடையில் ஓடைக்கரைப் புல், கைவிட்ட தோட்டங்களில் விழுந்து கிடக்கும் ஆப்பிள். நான் இறைச்சியை விட்டு ஒரு வருடமாகிறது. அது இன்னும் அவருடைய ஆராய்ச்சிக்கு எட்டவில்லை. சனிக்கிழமை விடிய கிளென் வேவர்லி வீட்டிலிருந்து மரை வேட்டைக்குப் புறப்படும்போது எனக்கும் சேர்த்தே மட்டன் ரோல்ஸ் கட்டினார்.

நான் போனது வேட்டைக்கல்ல. சிட்னியில் ஒரு வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அங்கே லிட்கமில் வாடகைக்கு அறையும் பார்த்தாயிற்று. அதை இவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் முடியவில்லை, சாப்பாட்டு மேசையில் அவர் மரை வீடியோ பார்ப்பார். காட்டில் சிக்னல் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

மரைக்கு மனித வாடை போகக்கூடாதாம். எனக்குத் தேங்காயெண்ணெய் தடை. அவர் வாசனையில்லாத சோப்பில் குளித்து, வாசனையில்லாத சலவைத்தூளில் தோய்த்த உடுப்பைப் போட்டார். பிறகு அதே உடுப்போடு சாமியறையில் நின்று முருகனுக்குச் சாம்பிராணி காட்டினார். மான் வயிற்றில் பிறந்த வள்ளியைக் கட்டியவரிடமே போய் மான் கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை.

பிளாக்பெரிப் புதருக்கு எதிரே மரத்தடியில் இருந்தோம். ஓர் இலை ஆடினாலும் அவர் கண் அங்கே போனது. இவ்வளவு பொறுமை இந்த மனுசனுக்குள் இருந்திருக்கிறது, எனக்குத்தான் ஒதுக்கப்படவில்லை. மரையைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேனே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பெட்டை மரையொன்று வந்து புதரில் வாய்வைத்தது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசியதும் கோயில் வாசலுக்கு வந்துவிட்டதுபோல் மூக்கை விரித்தது. ஒரு கனைப்பு. பிறகு புதர் மட்டும் இருந்தது.

"நீர் எண்ணெய் வைச்சனீரோ?" என்று கிசுகிசுத்தார்.

"எனக்கு சிட்னியில வேலை கிடைச்சிருக்கு. ஓமெண்டு சொல்லிட்டன்."

புதரிலிருந்து கண்ணை எடுக்காமலே யோசித்தார். "அங்க வேட்டைக்கு வேற லைசென்ஸ் எடுக்கவேணும்."

எவ்வளவு தாராளம். கூட வருவதாக முடிவே எடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் இதற்கே நான் உருகியிருப்பேன்.

"உங்கள வரச் சொல்லேல்ல, சுகிர்தன்."

துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார். அதன்பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனப்பா?"

இனி வாடைக்கும் சத்தத்துக்கும் பயப்படத் தேவையில்லை. காடு முழுக்கக் கேட்கும் குரலில் சொல்லத் தொடங்கினேன்.